மேஜை தட்டிய நீதிபதி

தபேலாவை நீதிபதியாக்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது தெருவில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் நம்பவில்லை. சிரித்தவர்கள் பட்டியலில் அவருடைய மனைவியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தபேலா என்பது அவருடைய பெற்றோர் வைத்த பெயர் இல்லை. மாகாண சட்டசபை வைத்த பெயர். பத்து வருடம் அங்கே உறுப்பினராக இருந்தார். கடைசிக்கு முந்தின வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் இடம். கட்சித் தலைவருக்கு இவர் முகம் தெரியாது, சத்தம் மட்டும்தான் தெரியும். தன் கட்சிக்காரர் யாராவது நாலு வார்த்தை பேசிவிட்டு மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், தூணுக்குப் பின்னாலிருந்து டப டப டப என்று மேஜை அதிரும். பேசுகிறவர் இன்னும் விஷயத்துக்கே வந்திருக்கமாட்டார், இவர் பாராட்டி முடித்திருப்பார். ஒருமுறை எதிர்க்கட்சிக்காரர் பேச்சுக்கும் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு, கட்சிக் கொறடாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எழுந்து நின்று பேசியது மொத்தமே பதினொரு தடவை. அதிலும் நாலு தடவை மைக் வேலை செய்யவில்லை.

மந்திரி பதவி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று காத்திருந்தார். வந்தது தேர்தல். தோற்றார். பழைய வக்கீல் கோட்டைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு மூன்று வருடம் கோர்ட் படி ஏறினார். ஆச்சரியம் என்னவென்றால், நன்றாகவே வாதாடினார். அப்புறம் யார் யாரைப் பார்த்தார்கள், யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதெல்லாம் தெருவுக்கு ஓரளவு தெரியும், இங்கே வேண்டாம். மொத்தத்தில் நீதிபதி ஆகிவிட்டார்.

மனைவி பல் டாக்டர். நாள் முழுக்க ஊராரிடம் வாயைத் திற, இன்னும் நல்லாத் திற என்று சொல்லிச் சம்பாதிப்பவர், வீட்டுக்காரருக்கு மட்டும் நேர்மாறான வைத்தியம் சொல்லி அனுப்பினார்.

"என்னங்க, அங்க போய் நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். எல்லாரும் பேசட்டும். முகத்தைக் கல்லு மாதிரி வெச்சுக்குங்க. சந்தோஷம் வந்தாலும் கல்லு, கோவம் வந்தாலும் கல்லு."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தைங்க பரவால்ல. சொன்னா உக்காந்துக்கறாங்க."

மூன்று மாதம் கல்லாகவே இருந்தார். குளியலறைக் கண்ணாடி முன்னால் தினமும் பத்து நிமிடம் கல்லாகிப் பழகியதைப் பக்கத்து வீட்டு ஜன்னலே பார்த்திருக்கிறது. சிவப்பு விளக்கைத் தாண்டியவர்கள், வேலிச் சண்டைக்காரர்கள், அடுத்தவர் வீட்டு நாயைத் திட்டியவர்கள் எல்லாரும் வந்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், போனார்கள்.

அப்புறம்தான் பஞ்சர்க்கடை அக்காவின் வழக்கு வந்தது.

கடைத்தெரு மூலையில் இருபத்திரண்டு வருடமாக சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவள் அக்கா. இடம் நகராட்சியுடையது, கடை அவளுடையது. அந்த மூலையில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நகராட்சி முடிவு செய்தது. இடிப்பதற்குப் பதினைந்து நாள் முன்னால் கடைக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது விதி. கொடுத்தோம், ஷட்டரில் ஒட்டினோம், போட்டோவும் இருக்கிறது என்றது நகராட்சி. வரவேயில்லை என்றாள் அக்கா. முன்னால் இருந்த நீதிபதி ஓய்வு பெறும் அவசரத்தில் இடிக்க ஒரு தடை போட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தத் தடைக்கு ஆயுள் இன்று சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான். மதியமே புல்டோசர் வந்து கடைக்கு எதிரே நின்றுவிட்டது. டிரைவர் அதற்குள்ளேயே கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

கோர்ட்டில் கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். கடைத்தெருவே கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தது. நகராட்சிக்கு ஆஜரானவர் இருமல் வக்கீல். ஆட்சேபம் சொல்லும் முன் இரண்டு தடவை இருமுவார். சளி கிளி ஒன்றும் இல்லை, அது அவருடைய கட்டியம். அக்காவின் வக்கீலம்மாவுக்கோ பூனைக் குரல். அவர் வாதாடினால் முதல் வரிசையே காதைக் குவித்துக்கொள்ளும்.

மணி மூன்று. நீதிபதி கல்லாக உட்கார்ந்திருந்தார். ஆனால் மேஜைக்குக் கீழே அவர் கால் ஆடிக்கொண்டிருந்ததை அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்த பெஞ்ச் கிளார்க் அம்மா கவனித்துவிட்டார். ஏழு நீதிபதிகளைப் பார்த்தவர் அவர். கால் ஆடினால் ஏதோ நடக்கப்போகிறது என்று தெரியும்.

பூனைக் குரல் போட்டோவைக் கையில் எடுத்தது. "ஐயா, இந்தப் போட்டோவுல இருக்கற ஷட்டரைப் பாருங்க. ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு பூட்டு. சரிங்களா?"

"சரி."

"எங்க கட்சிக்காரர் ஷட்டருக்கு ஓரத்துல பூட்டே கிடையாதுங்க. நடுவுல, ஒரே ஒரு பூட்டு. அக்கா, காட்டுங்க."

அக்கா மடியிலிருந்த பையில் கைவிட்டு, கிரீஸ் படிந்து கறுத்த, குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பூட்டை எடுத்து ணங்கென்று வைத்தாள். "இதாங்க. கடை தொறந்த நாள்லேருந்து இதே பூட்டு."

வக்கீலம்மாவின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. பூனை புலியாயிற்று. "நோட்டீஸ் ஒட்டினது பக்கத்துத் தையல்கடை ஷட்டர்ல, ஐயா! தையல்கடைக்காரருக்கு நோட்டீஸ் குடுத்துட்டு, பஞ்சர்க்கடையை இடிக்க வர்றாங்க!"

டப டப டப.

யார் தட்டியது என்று கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. அப்புறம் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. நீதிபதியின் வலது கை மேஜைமேல் விரிந்து கிடந்தது. அவரும் அதை, யாரோ விட்டுவிட்டுப் போன சாமான் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெனோவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன.

இருமல் வக்கீல் எழுந்தார். இரண்டு தடவை இருமினார். "ஐயா, இப்ப விழுந்தது தீர்ப்பா, தாளமா?"

"ஈ ஒண்ணு உக்காந்தது" என்றார் நீதிபதி.

"மூணு ஈயா, ஐயா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெஞ்ச் கிளார்க் அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

இருமல் வக்கீல் சிரிக்கவில்லை. அவருக்குப் பழம் நழுவி வாயில் விழுந்திருந்தது. "நான் இன்னும் பதிலே சொல்லலைங்க. போட்டோ எடுத்து நாலு மாசம் ஆச்சு. ஓரத்துல ரெண்டு பூட்டு இருந்த ஷட்டருக்கு நடுவுல ஒண்ணு மாட்டறது பெரிய வேலையா? இதை நான் சொல்லி, ஐயா கேட்டு, அப்புறம் முடிவு பண்ணியிருக்கணும். கேக்கறதுக்கு முன்னாடியே பாராட்டு விழா நடந்துடுச்சு. ஐயா முன்னாடி இந்த வழக்கு நடக்கறதுல எங்களுக்கு நம்பிக்கை இல்லை. வேற நீதிபதிக்கு மாத்தணும்."

நீதிபதிக்குக் காது சூடேறியது. மனுஷன் சொல்வதில் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். பூட்டு மாற்றியிருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நல்ல வசனம் வந்தது, கை போய்விட்டது.

"சரி, மாத்தறேன். அதுவரைக்கும் தடையை நீட்டிச்சு..."

இருமல், இருமல். "நம்பிக்கை இல்லைன்னு சொன்ன பிறகு ஐயா எந்த உத்தரவும் போட முடியாதுங்க. போட்டா மேல்கோர்ட்ல ஒரு நிமிஷம் நிக்காது."

அதுவும் சரி. பெஞ்ச் கிளார்க் அம்மா குனிந்து காதில் சொன்னார்: "இன்னைக்கு வேற நீதிபதின்னா மேல்மாடி அம்மா ஒருத்தங்கதான் இருக்காங்க, ஐயா. அவங்க நாலரைக்கு எழுந்துடுவாங்க. இங்கேருந்து அங்க ஃபைல் போக ரெண்டு நாள் ஆகும்."

"ஒரு மாடி ஏற ரெண்டு நாளா?"

"ரெண்டு நாள்னா சீக்கிரம்ங்க."

நீதிபதி அக்காவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று இருபத்தைந்து. பூட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து மணிக்கு மேல் பூட்டு மட்டும்தான் மிஞ்சும், ஷட்டர் இருக்காது. அதுவும் யாரால்? புல்டோசரால் இல்லை, நகராட்சியாலும் இல்லை. மூன்று தட்டால்.

"எழுதிக்கம்மா" என்றார் ஸ்டெனோவிடம். "வாதத்தின் நடுவே, எதிர்த்தரப்பின் பதிலைக் கேட்கும் முன், நீதிபதி மேஜையை மூன்று முறை தட்டினார்."

"ஐயா, இதையுமா டைப் அடிக்கணும்?"

"அதைத்தான் முதல்ல அடிக்கணும். இந்தக் காரணத்தால் நீதிபதி இவ்வழக்கிலிருந்து விலகுகிறார். தடை இன்று ஐந்து மணியோடு முடிவதால் வழக்கு உடனடியாக மேல்மாடி நீதிமன்றத்துக்கு அனுப்பப்படுகிறது. ஃபைலைக் குடு."

கையெழுத்துப் போட்டார். எழுந்தார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார்.

பெஞ்ச் கிளார்க் அம்மா பதறிப்போனார். "ஐயா, நீதிபதி ஃபைல் தூக்கக்கூடாது!"

"எந்தச் சட்டத்துல?"

"சட்டத்துல இல்லைங்க, வழக்கத்துல இல்லை."

"மேஜை தட்டறதும்தான் வழக்கத்துல இல்லை. ரெண்டு பக்க வக்கீலும் என் பின்னாடியே வாங்க. நான் யார்கிட்ட என்ன பேசினாலும் உங்க காதுல விழணும். வாங்க, வாங்க!"

சட்டசபையில் தபேலாவுக்குப் பேர் வாங்கித் தராத ஒரு வித்தை இருந்தது. தூணுக்குப் பின்னால் உட்காராத நேரமெல்லாம் அவர் தொகுதிக்காரர்களின் மனுவைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர். விதவைப் பென்ஷன், தண்ணீர்க் குழாய், பிறப்புச் சான்றிதழ் என்று பத்து வருடத்தில் அவர் தள்ளாத ஃபைல் இல்லை. அதில் அவர் கண்டுபிடித்த ரகசியம் ஒன்றே ஒன்று: ஃபைலை எந்த மேஜையிலும் வைக்கவே கூடாது. வைத்த நிமிடத்திலிருந்து அது அந்த மேஜைக்குச் சொந்தம். கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைத் திறந்து, தட்டு ஏந்துவதுபோல் ஏந்தி, மற்றக் கையால் பேனாவை நீட்ட வேண்டும். பேனாவை வாங்காமல் இருக்க இதுவரைக்கும் எந்தக் குமாஸ்தாவாலும் முடிந்ததில்லை.

கறுப்பு அங்கி பறக்க நீதிபதி முன்னால். மூச்சிரைக்க பெஞ்ச் கிளார்க் அம்மா. பூனைக் குரல். இருமல். பூட்டும் பையுமாக அக்கா. அவளுக்குப் பின்னால் கடைத்தெரு. இப்படியொரு ஊர்வலத்தை அந்தக் கட்டிடம் பார்த்ததில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் தலைகள் முளைத்தன.

முதலில் பதிவறை. குமாஸ்தா நிமிராமலேயே, "நாளைக்கு வாங்க" என்றார்.

"இன்னைக்கே வந்துட்டேனே."

நிமிர்ந்தவர் அங்கியைப் பார்த்து எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "ஐயா! நீங்க போய்... வெச்சுட்டுப் போங்கய்யா, நான் பாத்து..."

"வெக்கமாட்டேன். நம்பர் போடுங்க." ஃபைல் ஏந்தப்பட்டது. பேனா நீண்டது. குமாஸ்தாவின் கை தானாக வாங்கியது.

"ஆட்சேபம்" என்றார் இருமல் வக்கீல், இரைத்துக்கொண்டே.

"யார்கிட்ட சொல்றீங்க? நான் இப்ப நீதிபதி இல்லை, தபால்காரன்."

மூன்று நாற்பத்தெட்டு. அடுத்தது பதிவாளர். அறையில் இல்லை, மீட்டிங்கில் இருக்கிறார் என்றாள் டைப்பிஸ்ட். மேஜைமேல் கண்ணாடி இருந்தது, செல்போன் இல்லை. கண்ணாடி போடாமல் மீட்டிங்குக்குப் போகிற பதிவாளர் எங்கே இருக்கிறார்? தபேலாவுக்கு அது போதும். நேராகப் பின்வராந்தாவுக்குப் போனார். பதிவாளர் தூணில் சாய்ந்து, சம்பந்தியிடம் போனில் கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் திறந்த ஃபைல் வந்து நின்றது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாதி எழுத்தில்தான் யார் ஏந்தி நிற்கிறார்கள் என்று பார்த்தார். "சம்பந்தி, அப்புறம் பேசறேன்" என்றார் பலவீனமாக.

நான்கு எட்டு. முத்திரை. முத்திரைக்காரர் இழுப்பறையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தார். இங்கேதான் எல்லாருக்கும் மூச்சு நின்றது. அக்கா இழுப்பறைப் பூட்டைப் பார்த்தாள், பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "ரெண்டு நிமிஷம் குடுங்க."

"ஐயையோ, வேண்டாம்மா!" பெஞ்ச் கிளார்க் அம்மா குறுக்கே விழுந்தார். "கோர்ட்டுக்குள்ளேயே பூட்டை உடைச்சு இன்னொரு கேஸ் ஆயிடும்!"

நீதிபதி அதற்குள் டீ மெஷின் இருக்கும் பக்கம் ஓடியிருந்தார். ஆமாம், ஓடியேவிட்டார். ஐம்பத்தெட்டு வயது, அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. முத்திரைக்காரர் கையில் டீயோடு வரிசையில் நின்றவர், தன்னை நோக்கி ஒரு நீதிபதி ஓடி வருவதைப் பார்த்து, தான் செய்த பாவமெல்லாம் நினைவுக்கு வந்து வெளிறிப்போனார். ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டினார்.

"சாவி வேண்டாம், நீங்க வேணும்!"

நான்கு இருபத்தைந்து. மாடிப்படி. பாதிப் படியில் இருமல் வக்கீலுக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. நீதிபதி நின்றார். அவர் இல்லாமல் மேலே போனால் ஒருதலைப்பட்சம் என்று நாளைக்கே இன்னொரு மனு வரும். திரும்பி இறங்கி, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு ஏற்றினார். "மெதுவா, மெதுவா. மூச்சு விடுங்க. ஆட்சேபத்தை மேல போய் வெச்சுக்கலாம்."

மேல்மாடி அம்மா பேனாவை மூடி எழுந்து நின்ற நேரத்தில் கதவு திறந்தது. அந்த அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நான்கு இருபத்தொன்பது என்பதைக் கண்டு வாயை இறுக்கினார். ஃபைலை வாங்கி முதல் பக்கத்தைப் படித்தார்.

"மூணு தடவை தட்டினீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

"பத்து வருஷப் பழக்கம்ங்க."

"ம்." உட்கார்ந்தார். "நீங்க வெளியில நில்லுங்க. மத்தவங்க உள்ள வாங்க."

கதவு மூடியது. அந்த இருபது நிமிடத்தில் தபேலா பட்ட பாடு, வாக்கு எண்ணுகிற அன்றுகூடப் பட்டதில்லை. கதவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தால் வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. அக்காவின் பூட்டு கை மாறுவது தெரிந்தது. இருமல் வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். அந்த அம்மாவின் முகமோ அசல் கல். கண்ணாடி முன் பழகிய கல்லெல்லாம் அதன் பக்கத்தில் களிமண்.

"ஐயா, எட்டிப் பாக்கறது நல்லா இல்லை" என்றார் பெஞ்ச் கிளார்க் அம்மா. சொல்லிவிட்டு அவரும் எட்டிப் பார்த்தார்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தவர் இருமல் வக்கீல். போனைக் காதில் வைத்திருந்தார். "எழுந்திருப்பா, வண்டியைத் திருப்பு. ஆமா, இன்னைக்கு இல்லை. எட்டு நாள் தடை. ரெண்டு ஷட்டரையும் ரெண்டு பக்கமும் சேர்ந்து போய்ப் பாக்கணுமாம். யாரு கெடுத்ததா? அதை ஏன் கேக்கற, வை போனை." நீதிபதியைக் கடக்கும்போது தலையை மட்டும் லேசாகச் சாய்த்தார். அது வணக்கமா, கழுத்து வலியா தெரியவில்லை.

பின்னாலேயே அக்கா வந்தாள். நேராக நீதிபதி முன்னால் நின்றாள்.

"ஐயா, ஒண்ணு சொல்லலாமா?"

"வழக்கைப் பத்திச் சொல்லக்கூடாது" என்றார் பெஞ்ச் கிளார்க் அம்மா.

"வழக்கைப் பத்தி இல்லைங்க, இவரைப் பத்தி." அக்கா இவர் பக்கம் திரும்பினாள். "நீங்க தட்டாம சும்மா உக்காந்திருந்தா மூணரைக்கே முடிஞ்சிருக்கும். இப்ப எட்டு நாள் நான் தூங்கமாட்டேன். அந்தம்மா என்ன சொல்வாங்களோ, அவங்க முகத்தைப் பாத்தா ஒண்ணும் புரியலை."

"தப்புதாம்மா" என்றார் தபேலா.

"தப்புதான். தேர்தல்ல உங்களுக்கு நான் ஓட்டுப் போடலை. கை மட்டும்தான் ஓடும், கால் ஓடாதுன்னு நெனச்சேன்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அன்னைக்கு இப்படி ஓடியிருந்தீங்கன்னா ஜெயிச்சிருப்பீங்க."

சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிவிட்டாள். சாயங்காலம் தருகிறேன் என்று வாங்கி வைத்த நாலு சக்கரம் கடையில் கிடந்தது, இருட்டுவதற்குள் காற்றடித்துக் கொடுக்க வேண்டும்.